பயன்பெறுவோர் யாவர்? – சிறுநீரக நாடிச் சிகிச்சை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மருத்துவ அறவியல் என்றவுடன் கருணைக்கொலை, கருக்கலைப்பு, உறுப்பு மாற்றம் முதலாய பெருவினாக்களே பலருக்கும் நினைவில் எழுகின்றன. அவை விவாத மேடைகளுக்கு உகந்தவை. இரு கட்சியாரும் தத்தம் நிலைப்பாட்டை முன்னரே வகுத்துக்கொண்டு வரத்தக்கவை. ஆயின், வைத்தியசாலைகளின் அன்றாட நடைமுறையில் நாடோறும் பலமுறை எழுந்து, எவ்வித ஆரவாரமுமின்றி விடை கூறப்பட்டுவரும் வினாவொன்று உண்டு. இச்சிகிச்சையால் இந்நோயாளி பயன்பெறுவாரா என்பதே அது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தொழினுட்பம் பற்றிய வினாவாகவே தோன்றும். கற்ற வைத்தியர் விடையிறுப்பார், நாம் கேட்டு அமைவோம் என்று விட்டுவிடுவோம். உண்மையில், அறிவு பற்றிய வினாவும் அறம் பற்றிய வினாவும் பிரிக்கவொண்ணாதவாறு பின்னிக் கிடக்கும் இடம் இது.

இதனைப் பொதுப்பட ஆராயப் புகின் சொற்கள் மிகுமேயன்றித் தெளிவு பிறவாது. ஆகவே ஒரேயொரு நோயை எடுத்துக்கொள்வோம். சிறுநீரக நாடி ஒடுக்கம் என்பது அது. பெயர் பெற்ற நோயன்று. ஆயினும் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக மருத்துவ உலகின் நம்பிக்கையையும் ஏமாற்றத்தையும் மாறி மாறிப் பெற்றுவந்துள்ளது. நமது வினாவுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வயிற்றறையினுள் இறங்கும்பொழுது வலமும் இடமுமாகச் சிறுநீரகங்களுக்கு நாடிகளைப் பிரித்து அனுப்புகின்றது. ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவ்விரு நாடிகளூடாகவே செல்லும். முதுமையில், சிறப்பாகப் புகைப்போரிடத்தும் நீரிழிவு உடையோரிடத்தும், இந்நாடிகளின் வாயிலிற் கொழுப்புப் படிந்து உள்வழி குறுகுகின்றது. ஒடுக்கம் மிகும்போது, சிறுநீரகம் தன்னிடம் வரும் குருதியின் அமுக்கம் தாழ்ந்தமை கண்டு, உடல் முழுவதிலுமே அமுக்கம் தாழ்ந்துவிட்டதெனக் கருதி, இரெனின் என்னும் பொருளைச் சுரந்து, குருதியமுக்கத்தை உயர்த்த முனைகின்றது. (சிறுநீரகம் கருதுகின்றது என்றல் உபசார வழக்கு. எனினும், தனக்குத் தெரிந்த சிறிதைக் கொண்டு முழுமையைத் தீர்மானிக்கும் இப்பிழை சிறுநீரகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.)

இரெனினை 1898இல் ஸ்ரொக்ஹோமில் திகர்ஸ்டெட், பேர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து கண்டறிந்து பெயரிட்டனர். அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் எவராலும் பெரிதாக மதிக்கப்படவில்லை. 1934இல் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹரி கோல்ட்பிளாற் என்பார், நாய்களின் சிறுநீரக நாடியை வெள்ளியாலான சிறு கவ்வியால் இறுக்கிக் குருதியமுக்கம் நிலையாக உயர்வதைக் காட்டினார். காரணம் இன்னதென அறியப்படாத ஒரு நோய்க்கு முதன்முறையாகக் கைக்கு எட்டும் காரணமொன்று கிடைத்தது. இறுக்கினால் ஏறும், ஆகவே தளர்த்தினால் இறங்கும் என்பது எத்துணை இயல்பான முடிவு! 1938இல் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் குருதி குன்றிய சிறுநீரகம் அகற்றப்பட்டதும் அவனது உயர் குருதியமுக்கம் நீங்கியதாக அறிக்கை வெளிவந்தது. அதன்பின் ஒருபுறச் சிறுநீரகம் பழுதுற்றதெனக் கண்டவிடமெல்லாம் அதனை அகற்றும் வழக்கம் பரவிற்று.

இருபது ஆண்டுகள் கழிந்தபின், சிறுநீரக உடற்றொழிலியலில் தலைசிறந்தவரான ஹோமர் சிமித் கணக்கெடுத்தார். 1956இல் அவர் தொகுத்து ஆராய்ந்த 575 நோயாளருள், சத்திரசிகிச்சைக்கு ஓராண்டின் பின் குருதியமுக்கம் சீரடைந்திருந்தோர் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரே. ஏனையோர் சிறுநீரகம் ஒன்றை இழந்தனர், குருதியமுக்கத்தை இழக்கவில்லை.

இங்கே பிழைத்தது யாது? கோல்ட்பிளாற்றின் பரிசோதனை பொய்யன்று. சிறுவன் குணமடைந்ததும் பொய்யன்று. பிழை, அவற்றிலிருந்து பெறப்பட்ட அனுமானத்திலேயே உள்ளது. நாய் இளமையும் நலமும் வாய்ந்தது. அதன் நாடி ஒரே நாளில் இறுக்கப்பட்டது. மனிதனின் நாடியோ பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஒடுங்கியது. அவ்வாண்டுகளில் குருதியமுக்கமும் வேறு காரணங்களால் உயர்ந்தே இருந்திருக்கலாம். உயர் அமுக்கம் நாடியைப் பழுதாக்கிக் கொழுப்புப் படிவுக்கு இடந்தரும் என்பதும் அறியப்பட்டதே. ஆகவே ஒடுக்கம் அமுக்கத்தின் காரணமோ, அமுக்கம் ஒடுக்கத்தின் காரணமோ, இரண்டும் முதுமை என்னும் ஒரே வேரினின்று கிளைத்தவையோ என்பது நோயாளிக்கு நோயாளி வேறுபடும். 1960களில் இறந்தோர் உடல்களை ஆராய்ந்தபோது, வாழ்நாளில் உயர் குருதியமுக்கமே அற்றிருந்த பலரிடத்தும் சிறுநீரக நாடிகள் ஒடுங்கியிருக்கக் காணப்பட்டன. இதற்கும் தக்க விளக்கம் உண்டு. சிறுநீரகம் பெறும் குருதி அதன் உயிர்ப்புக்கு வேண்டியதனினும் மிகப் பெரிது. வடிகட்டும் தொழிலுக்காகவே அத்துணைக் குருதி செல்கின்றது. எனவே நாடி பாதியளவு ஒடுங்கினும் சிறுநீரகம் பெரும்பாலும் வாடுவதில்லை. வழி ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அடைபட்ட பின்னரே அமுக்க வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாகின்றது.

ஒடுங்கிய நாடியும் ஒடுக்கத்தால் விளைந்த நோயும் ஒன்றல்ல என்பது இதனாற் பெறப்படும். முன்னதைப் படத்திற் காணலாம், பின்னதைக் காணவியலாது. ஒருவரது குருதியமுக்கத்துக்கு ஒடுக்கமே காரணமென ஐயமின்றி நிறுவுவதற்கு ஒரேயொரு வழிதான் இருந்து வந்துள்ளது: ஒடுக்கத்தை நீக்கிப் பார்த்தல். நீக்கியபின் அமுக்கம் தணிந்தால் அதுவே காரணம், தணியாவிடின் அன்று. அதாவது, யாருக்குப் பயன்படும் என்னும் அறிவு செயலின் முன்னர் வேண்டப்படுகின்றது. செயலின் பின்னரே கிடைக்கின்றது. இதனைத் தருக்க நூலாரின் விளையாட்டாகக் கொள்ளலாகாது. இடைப்பட்ட அவ்வெளியில் மனிதர் ஒருவர் மேசைமேற் கிடத்தப்பட்டுள்ளார்.

சிறுநீரகத்தை அகற்றுவதும் வயிற்றைப் பிளந்து நாடியைச் செப்பனிடுவதும் கடுமையான சிகிச்சைகள். அக்கடுமையே ஒருவகைக் காவலாகவும் இருந்தது. எவரும் அற்ப காரணத்துக்காக அவற்றை நாடார். 1978இல் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குறூன்சிக், தொடையின் நாடிவழியாக நுண்குழாயைச் செலுத்தி, அதன் முனையிலுள்ள பலூனை ஊதி, ஒடுங்கிய சிறுநீரக நாடியை விரித்த செய்தியை வெளியிட்டார். 1990களில் விரித்த வழி மீண்டும் சுருங்காதவாறு தாங்கும் உலோக வலைக்குழாய்களும் வந்தன. கத்தியில்லை, முழு மயக்கமில்லை; ஓரிரு நாளில் வீடு செல்லலாம். காவல் நீங்கிற்று. இதய நாடிகளைப் படம்பிடிக்கச் சென்ற நுண்குழாய், வழியிலேயே சிறுநீரக நாடிகளையும் படம்பிடித்தது. ஒடுக்கம் கண்டால் அங்கேயே வலைக்குழாய் பொருத்தும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் விரைந்து பெருகிற்று. செய்த ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டென்பதையும் மறத்தலாகாது. எனினும் எல்லாவற்றையும் பேராசையின் கணக்கிற் சேர்த்தல் நேர்மையன்று. சிகிச்சைக்கு முன் மயிரிழையாய் நின்ற வழி, சிகிச்சைக்குப் பின் அகன்று நிற்பதைத் திரையிற் கண்ட வைத்தியர் நன்மை செய்தோம் என்று மகிழ்ந்ததில் பொய்யில்லை. படம் அவருக்கு உண்மையையே காட்டிற்று. ஆனால் நாடியைப் பற்றிய உண்மையை மட்டுமே காட்டிற்று. நோயாளி அப்படத்தில் இல்லை.

இந்நிலையிலேதான் எழுமாற்றுப் பரிசோதனைகள் வந்தன. நோயாளரை எழுமாறாக இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மருந்து மட்டும், மற்றையோர்க்கு மருந்தோடு நாடி விரிப்பும் எனப் பகுத்து, காலப்போக்கில் இரு சாராரையும் ஒப்பிடுதலே முறை. 2000இல் ஒல்லாந்திலிருந்து 106 பேர் பற்றிய முதற் பெரும் அறிக்கை வந்தது. ஓராண்டின் முடிவில் இரு சாராரின் குருதியமுக்கத்திலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. ஆயின் மருந்துக் கூற்றிலிருந்த 50 பேருள் 22 பேருக்கு இடையில் நாடி விரிப்பும் செய்யப்பட்டமையால் முடிவு தெளிவாக அமையவில்லை. 2009இல் வந்த இன்னோர் ஒல்லாந்து முயற்சியிலே, வலைக்குழாய்க்கெனத் தெரிவான 64 பேருள் 12 பேரின் நாடிகள், மேசையிற் கிடத்தி நேரே பார்த்தபோது, பாதியளவுகூட ஒடுங்கியிருக்கவில்லை. அதே பரிசோதனையில் இருவர் சிகிச்சையின் விளைவாகவே இறந்தனர். முதற்படியாகிய ‘ஒடுக்கம் உளதா’ என்பதிலேயே இத்துணைத் தடுமாற்றம்!

அதே 2009இல் ஐக்கிய இராச்சியம், அவுஸ்திரேலியா, நியூசீலந்து ஆகிய நாடுகளில் 806 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. சிறுநீரகத் தொழிற்பாட்டிலோ, இதய நோய்களிலோ, இறப்பிலோ நாடி விரிப்பால் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. கடுந்தீங்குற்றோர் 23 பேர். அவருள் இருவர் இறந்தனர். மூவர் விரலையோ காலையோ இழந்தனர். 2014இல் ஐக்கிய அமெரிக்காவை முதன்மையாகக் கொண்ட பெரும் பரிசோதனை 931 பேரை ஆராய்ந்து முடிவுரைத்தது. இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் சிதைவு முதலியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தவர்கள், வலைக்குழாய் பெற்றோருள் நூற்றுக்கு 35.1, பெறாதோருள் 35.8. குருதியமுக்கத்தில் இருந்த வேறுபாடு இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல்.

வாசகர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். மருந்து மட்டும் பெற்றோர் கைவிடப்பட்டவரல்லர். இரெனின் தொடக்கிவைக்கும் தொடரை இடையில் தடுக்கும் மாத்திரைகள் 1981 முதல் வழக்கிலுள்ளன; கொலஸ்திரோலைக் குறைப்பனவும் குருதி உறைதலைத் தடுப்பனவும் உள. நாடியைத் திறவாமலே சிறுநீரகத்தின் தவறான முறைப்பாட்டைச் செவிமடுக்காதிருக்க உடலைப் பழக்கலாம் என்பதே இதன் பொருள்.

இவ்விலக்கங்களோடு பேச்சு முடிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். பலரும் அவ்வாறே எண்ணினர். ஆயின் 2009ஆம் ஆண்டுப் பரிசோதனையிற் சேர்க்கப்பட்டோர் யாவர் என்னும் விதியை ஊன்றி நோக்குக. நாடி விரிப்பால் இந்நோயாளி உறுதியாகப் பயன்பெறுவார் என்பதில் வைத்தியர் ஐயுற்றவிடத்து மட்டுமே அவர் சேர்க்கப்பட்டார். பயன் உறுதியென வைத்தியர் நம்பிய நோயாளி எழுமாற்றுக்கு உட்படுத்தப்படவில்லை. அவர் நேரே சிகிச்சைக்குச் சென்றார். 

இவ்விதி அறத்தின்பாற்பட்டது, அதில் ஐயமில்லை. நோயாளிக்கு நன்மை இதுவென்று திண்ணமாக அறிந்த வைத்தியர், அவரது கதியை நாணயச் சுண்டலுக்கு ஒப்பான ஒரு முறைக்கு விட்டுவிடுவது நம்பிக்கைத் துரோகமாகும். ஐயம் இருந்தாற்றான் எழுமாற்று நியாயமாகும். ஆயினும் இவ்வறம் அறிவுக்கு ஒரு விலை கேட்கின்றது. பரிசோதனையின் முடிவு ஐயத்துக்குரியோரைப் பற்றியதாக மட்டும் ஆகின்றது. உறுதியெனக் கருதப்பட்டோரைப் பற்றி அது வாய் திறவாது. அவர்களுக்குச் சிகிச்சை பயன்பட்டதா, வைத்தியரின் உறுதி வெறும் பழக்கமா என்பது பரிசோதிக்கப்படாமலே நிற்கின்றது. 

யாருடைய ஐயம் இங்குக் கணக்கிற் கொள்ளப்பட வேண்டும்? கனடாவிற் பணியாற்றிய மெய்யியலாளர் பெஞ்சமின் பிறீட்மன் 1987இல் இவ்வினாவை எழுப்பினார். தனி வைத்தியரின் மனத்துள் நிலவும் ஐயம் இலேசானது. நேற்றுக் கண்ட ஒரு நோயாளி நன்கு தேறியதால் அது இன்று அகன்றுவிடக் கூடும். அத்தகைய நிலையற்ற ஒன்றின்மேல் ஆய்வின் அறத்தை நிறுத்தவியலாது. துறைசார்ந்த அறிஞர் குழாத்திடையே நேர்மையான கருத்து வேறுபாடு நிலவுமாயின், தனியொருவர் ஒருபாற் சாய்ந்திருப்பினும், எழுமாற்றுப் பரிசோதனை நியாயமானதே என்பது அவர் கொள்கை. நான் இக்கொள்கையையே சார்கின்றேன். ஏனெனில் ‘எனக்கு உறுதி’ என்று கூறும் வைத்தியரையும், ‘எனக்கு ஐயம்’ என்று கூறும் அடுத்த அறை வைத்தியரையும் நோயாளி தெரிவுசெய்து வரவில்லை. எந்த அறைக்கதவு திறந்திருந்தது என்பதே அவருடைய கதியைத் தீர்மானிக்குமாயின், அதுவும் ஓர் எழுமாற்றே. வேறுபாடு என்னவெனின், அதிலிருந்து எவரும் எதையும் கற்பதில்லை.

இனி, இப்பரிசோதனைகளின் முடிவைத் தனியொருவர்க்குப் பொருத்துதல் பற்றிய இடர்ப்பாட்டுக்கு வருவோம். இது பழைய இடர்ப்பாடு. அரிஸ்ரோட்டில் பௌதிகவதீதம் என்னும் நூலின் தொடக்கத்திலேயே, வைத்தியன் குணப்படுத்துவது ‘மனிதன்’ என்னும் பொதுமையை அன்று, கல்லியாஸ் அல்லது சோக்கிரதீஸ் என்னும் தனியொருவரையே என்று சுட்டியுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பரிசோதனை மருத்துவத்தின் தந்தையெனத்தக்க குளோட் பேர்ணாட், 1865இல் வெளியிட்ட நூலிலே, சராசரி என்பதனையே எள்ளி நகையாடினார். பல நாட்டாரும் வந்துபோகும் புகையிரத நிலையமொன்றின் சிறுநீர்த் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து, சராசரி ஐரோப்பியனின் சிறுநீர் இத்தகையது என்று ஒருவர் நிறுவ முயன்ற கதையை அவர் அங்குக் கூறுகின்றார். சிறுநீரகம் பற்றிய கட்டுரையில் இக்கதைக்கு இடமுண்டு என்று நம்புகின்றேன்.

பேர்ணாட்டின் நகைப்பில் உண்மை உண்டு. நூறு பேருக்குச் சிகிச்சை செய்து, சராசரியில் நன்மை பூச்சியம் என்று காண்போமாயின், அது இருவேறு உலகங்களைக் குறிக்கலாம். ஒன்றில் நூறு பேருக்கும் நன்மையுமில்லை, தீமையுமில்லை. மற்றையதில் பதின்மர் பெரும்பயன் பெற, பதின்மர் பெருந்தீங்குற, எண்பதின்மர் மாறாது நிற்பர். இலக்கம் ஒன்றே, உலகம் வேறு. இரண்டாம் உலகில் வாழ்பவராயின், அப்பதின்மரை முன்கூட்டியே இனங்காணுவது வைத்தியரின் கடமை. முதலாம் உலகில் அவ்வாறு தேடுவது தீங்கு. நாம் எவ்வுலகில் உள்ளோம் என்பதைச் சராசரி கூறாது.

ஆயின் பேர்ணாட்டின் வாதத்தைத் தம் வசதிக்குக் கையாள்வோரும் உளர். ‘பரிசோதனையில் இருந்தோர் வேறு, என் நோயாளி வேறு’ என்னும் வாய்பாட்டினுள் எதையும் புகுத்திவிடலாம். ஒவ்வொருவரும் தனித்தன்மையர் என்பது மெய். ஆனால் அத்தனித்தன்மை சிகிச்சைக்குச் சாதகமாகவே அமையும் என்பதற்கு என்ன சான்று? சராசரி தீர்ப்பன்று; எனினும் விலக்குக் கோருபவர் காரணம் காட்டவேண்டிய தொடக்கநிலை அதுவே. பிறர் உடலினுள் கருவி செலுத்த விழைபவர்மீதே நிறுவும் பாரம் சாரும்.

அவ்வாறு காரணம் காட்டக்கூடியவர் உளரா? உளர். 1988இல் நியூயோர்க்கில் தோமஸ் பிக்கரிங்கும் அவருடன் பணியாற்றியோரும் 11 நோயாளரைப் பற்றி எழுதினர். அவர்களுக்கு நுரையீரலில் நீர் திடீரெனத் தேங்கி மூச்சு முட்டும் நிலை மீண்டும் மீண்டும் நேர்ந்தது. இதயத்தின் பலவீனம் மட்டும் அதற்கு விளக்கமாக அமையவில்லை. இரு சிறுநீரக நாடிகளும் ஒடுங்கியிருந்தன, அல்லது இருந்த ஒரே சிறுநீரகத்தின் நாடி ஒடுங்கியிருந்தது. உப்பையும் நீரையும் வெளியேற்ற வழியற்ற உடல் தன்னுள்ளேயே மூழ்குகின்றது. நாடியைத் திறந்தபின் பெரும்பாலோர்க்கு அந்நிலை மீளவில்லை. இங்கே காரணத்துக்கும் காரியத்துக்கும் இடைப்பட்ட தொடர் விளங்குகின்றது. இங்கிலாந்தின் சல்போர்ட் நகரில் 467 நோயாளரின் பதிவேடுகளைக் கொண்டு 2014இல் வெளிவந்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கின்றது: நுரையீரலில் நீர் தேங்கியோருள் நாடி திறக்கப்பெற்றவர்களிடை இறப்புக் குறைவாயிருந்தது. மருந்துக்கடங்காக் குருதியமுக்கமோ விரைந்து சிதையும் சிறுநீரகமோ தனித்திருந்தவிடத்து அத்தகைய நன்மை தெரியவில்லை. இரண்டும் ஒருங்கே இருந்தவிடத்துத் தெரிந்தது. 

இவர்களோடு இன்னொரு கூட்டத்தாரையும் வேறு பிரித்தறிய வேண்டும். இளம் பெண்களிடம் காணப்படும் நார்த்தசை வளர்ச்சிக் கோளாறு, ஜப்பானியக் கண்மருத்துவர் தக்காயாசு 1908இல் விவரித்து அவர் பெயரால் வழங்கும் நாடியழற்சி ஆகியவற்றாலும் சிறுநீரக நாடி ஒடுங்கும். பின்னையது ஆசிய நாடுகளில், இந்தியாவிலும் கூட, இளையோரின் நாடி ஒடுக்கத்துக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. மேற்கூறிய பெரும் பரிசோதனைகள் முதியோரின் கொழுப்புப் படிவைப் பற்றியவை. அவற்றின் முடிவை இருபது வயதுப் பெண்ணொருத்திக்குப் பொருத்துவது அறியாமை. நமது பகுதியின் வைத்தியர் மேனாட்டு முடிவுகளைப் படிக்கும்போது, எந்நோயினரைப் பற்றி அவை பேசுகின்றன என்று முதலிற் கேட்பதற்கு இது தக்க காரணம்.

சல்போர்ட் ஆய்வு எழுமாற்று முறையிலானதன்று என்பது உண்மை. நலமாயிருந்தவரையே வைத்தியர் சிகிச்சைக்குத் தெரிந்திருக்கலாம். அதனாலேயே அவர் நெடிது வாழ்ந்திருக்கலாம். அங்ஙனமாயின் மூச்சு முட்டித் தவிப்போரையும் எழுமாற்றுக்கு உட்படுத்த வேண்டுமா? பிறீட்மனைச் சார்ந்து பேசிய நான் ஆம் என்று கூறக் கடமைப்பட்டவன்போல் தோன்றலாம். ஆயின் அறிஞரிடை நேர்மையான கருத்து வேறுபாடு எஞ்சியிருந்தாலன்றோ அவர் கொள்கை பொருந்தும்? இத்தகையோர்க்கு நாடி திறத்தல் தக்கதென்பதில் இன்று பெரும்பாலோர் ஒருமித்துள்ளனர். 2022இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் இவர்களைத் தனியே எடுத்துக் கூறியது. அதேயாண்டு தென்மார்க்கிலிருந்து, இத்தகைய கடுநிலையினரையே தெரிந்து சிகிச்சை செய்த 102 பேர் பற்றிய செய்தியும் வந்தது. அவர்களின் குருதியமுக்கம் கணிசமாகத் தணிந்தது, மருந்தும் குறைந்தது. ஒப்பிடுவதற்கு மறுகூற்றார் அதில் இல்லை. எனவே உறுதி இன்னும் முழுமையன்று. முழுமையற்ற உறுதியோடு செயற்படுவதும் முழுமையற்ற உறுதியோடு மறுப்பதும் ஒரே தன்மையனவா என்பதே வினா. நாட்சென்ற ஒடுக்கமும் மாத்திரைகளாற் கட்டுப்படும் அமுக்கமும் உடையவர்க்குக் காத்திருப்பதால் இழப்பேதுமில்லை. அவரிடத்து நிறுவும் பாரம் கருவி ஏந்தியவர்க்கு உரியது. இரவிற் படுக்கவியலாது எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுபவரிடத்து அப்பாரம் இடம் மாறி, காத்திருப்போம் என்பவரைச் சாரும்.

2014க்குப் பின் நேர்ந்தது இதற்கு எதிர்மாறானது. வலைக்குழாய் பயனற்றது என்னும் சுருங்கிய செய்தியே பரவிற்று. முன்னர் எங்கும் ஒடுக்கத்தைத் தேடியவர்கள் இப்போது எங்குமே தேடாதொழிந்தனர். தேடாதவர் காண்பதில்லை, காணாதவர் மறுத்ததாகவும் எங்கும் பதிவதில்லை. தேவையற்ற வலைக்குழாயால் இறந்தவரின் பெயர் வைத்தியசாலை ஏட்டில் உண்டு. தேடப்படாத ஒடுக்கத்தால் இறந்தவர் ‘இதயச் செயலிழப்பு’ என்னும் தலைப்பின்கீழ் அமைதியாக அடங்கிவிடுவார். செய்து கெடுத்தலை விடச் செய்யாது கெடுத்தல் இலகுவாக மன்னிக்கப்படுவதற்கு அது அறத்தால் இலேசானது என்பது காரணமன்று. கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே காரணம்.

பயன் என்பதையே யார் அளப்பது என்னும் வினா இன்னும் எஞ்சியுள்ளது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செய்யுமாறு கற்றவனைப் பணிக்கின்றது. உரையாசிரியர்கள் நோயாளியின் அளவை வயது, வலிமை முதலியவற்றால் விளக்குவர். அவர் எதனைப் பயனென மதிக்கின்றார் என்பதையும் அவ்வளவினுட் சேர்த்துக்கொள்ள நாம் உரிமையுடையோம். பரிசோதனைகள் இறப்பையும் மாரடைப்பையும் எண்ணின. அவை எண்ணத்தக்கவையே. ஆயின் எழுபது வயதினர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு ஒரு நாடி முக்காற்பங்கு ஒடுங்கியுள்ளது. நான்கு வகை மாத்திரைகளால் அமுக்கம் அரைகுறையாகக் கட்டுப்படுகின்றது. சிறுநீரகத் தொழிற்பாடு மெல்லக் குன்றிவருகின்றது. மூச்சு முட்டியதில்லை. அவர் அஞ்சுவது இறப்பையன்று. வாரத்தில் மூன்று நாள் குருதிச் சுத்திகரிப்புப் பொறியோடு கட்டுண்டு, மகனின் வருவாயையும் மருமகளின் பொழுதையும் தின்று வாழ நேருமோ என்பதே அவர் அச்சம். 

இவர் ஐயத்துக்குரியோர் கூட்டத்தைச் சேர்ந்தவர். பரிசோதனைகள் இவரைப் போன்றோரைப் பற்றியே பேசின. வைத்தியர் அவரிடம் கூறத்தக்கது இதுவென்று நான் கருதுகின்றேன்: உங்கள் நாடி ஒடுங்கியுள்ளது, அதனைத் திறக்க இயலும், திறந்த படத்தைப் பார்க்க அழகாயிருக்கும். உங்களைப் போன்ற பலரிடம் செய்து பார்த்ததில், திறந்தவர்களும் திறவாதவர்களும் ஒரே அளவிலேயே நீங்கள் அஞ்சும் நிலையை அடைந்தனர். மிகச் சிலர் திறந்ததாலேயே காலை இழந்தனர். சிலர் உயிரை இழந்தனர். உங்களுக்குத் தனியாக என்ன நேரும் என்று எவராலும் கூறவியலாது. மாத்திரைகளைத் தவறாது உண்ணுங்கள், புகையை விடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குருதியைச் சோதிப்போம். என்றேனும் இரவில் மூச்சு முட்டினால், அல்லது சோதனை இலக்கங்கள் திடீரெனச் சரிந்தால், அன்றே வாருங்கள். அன்று நான் வேறு விதமாகப் பேசுவேன்.

இவ்வாறு பேசுவதற்கு ஏறத்தாழக் கால்மணி நேரம் பிடிக்கும். வெளிநோயாளர் பிரிவின் வாசலில் அறுபது பேர் காத்திருக்கையில் கால்மணி நேரத்தை எங்கிருந்து பெறுவது என்பது மெய்யியலாளர் விடையிறுக்கக்கூடிய வினாவன்று.